கெங்கம்மா என்று ஒருத்தி

ராவ்பகதூர் வேதகிரி முதலியார் தம்மைத் தவிர வேறு யாரையும் நம்பியதில்லை. தம்மையும் முழுசாக நம்பினார் என்று சொல்ல முடியாது. பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பத்தடி போவார். அப்புறம் திரும்பி வந்து கதவை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. செய்த உத்தியோகங்கள் அப்படி. வக்கீலாக இருந்தபோது கட்சிக்காரன் பொய் சொன்னான். சட்டசபைக்குப் போனபோது சொந்தக் கட்சியே பொய் சொன்னது. ஜில்லா ஜட்ஜாக ஊர் ஊராகப் போனபோது சாட்சிகள் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னார்கள். நடுவில் ஆறு வருஷம் ‘ஜனதுந்துபி’ என்று ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். அப்போது பொய் சொன்னது யார் என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது 1934-ஆம் வருஷம். முதலியாருக்கு எழுபத்தைந்து வயது. மயிலாப்பூரில் லஸ்ஸுக்குப் பக்கத்துச் சந்தில் மாடி வீடு, பென்ஷன், சர்க்கரை இல்லாத காப்பி. சும்மா இருக்க விடாமல் சர்க்கார் அவரை ஒரு கமிட்டியில் போட்டிருந்தது. ஜெயிலில் நோயாகக் கிடக்கும் பழைய கைதிகளில் யாரை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பலாம் என்று யோசனை சொல்லும் கமிட்டி. வருஷத்துக்கு ஒரு முறை கூடும். அதற்கு ஒரு விதி உண்டு. வெளியே கைதியை ஏற்றுக்கொண்டு பார்த்துக்கொள்ளச் சொந்தம் என்று ஒருவர் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஜெயிலே கதி.

கமிட்டி கூடுவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு காகிதக் கட்டு வந்தது. மாடித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்த முதலியார், ஏழாவது மனுவில் நின்றுவிட்டார். காப்பி ஆறிப்போயிற்று.

மனு நொச்சிக்குப்பம் கெங்கம்மா என்பவள் பேரில் இருந்தது. அவள் புருஷன் தேசப்பன் வலைத் தகராறில் ஒருவனைத் துடுப்பால் அடித்துக் கொன்றுவிட்டு ஆயுள் தண்டனை பெற்றவன். பதினோரு வருஷமாகத் தூர ஜில்லா ஜெயில் ஒன்றில் இருக்கிறான். இப்போது ரத்தமாகத் துப்புகிறான். அடுத்த வருஷக் கமிட்டிவரை தாங்கமாட்டான் என்று ஜெயில் டாக்டர் எழுதியிருந்தார். வீட்டுக்கு அனுப்பினால் நான் பார்த்துக்கொள்வேன் என்று மனைவி கேட்கிறாள். இதில் நின்றுவிட ஒன்றுமில்லை. அவரை நிறுத்தியது மனுவின் கடைசி வரி.

‘நாங்கள் கடலை நம்பிப் பிழைத்தவர்கள், கரையை நம்பிக் கெட்டவர்கள்.’

அந்த வரி முதலியார் எழுதியது. நாற்பத்தோரு வருஷத்துக்கு முன், சொந்தக் கையால்.

கதை இதுதான். 1893-இல் யாரோ ஓர் அதிகாரி, சாயங்காலம் கடற்கரையில் காற்று வாங்க வரும் துரைமார்களுக்கு நாற்றம் தாங்கவில்லை என்பதால் மணலில் மீன் காயவைக்கக் கூடாது என்று உத்தரவு போட யோசித்தார். வேதகிரி முதலியாருக்கு அப்போது மீனைப் பற்றிக் கவலை இல்லை, பத்திரிகை விற்கவில்லை என்பதுதான் கவலை. உட்கார்ந்து ‘நொச்சிக்குப்பம் குப்பம்மா’ என்ற பெயரில் பத்திராதிபருக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்திராதிபரும் அவர்தான். கடிதத்தைப் போட்டு, அடியில் ‘இந்த ஏழை மாதுக்கு நம் பதில் என்ன?’ என்று தாமே கேட்டுக்கொண்டார். ஊர் பற்றிக்கொண்டது. பதினொரு கடிதம் எழுதினார். உத்தரவு யோசனை கைவிடப்பட்டது. ‘ஏழைகளின் நண்பர்’ என்று பேர் வந்தது, அந்தப் பேரோடு சட்டசபைக்குப் போனார், அங்கிருந்து ஜட்ஜ் உத்தியோகம். இத்தனைக்கும் அதுவரை அவர் நொச்சிக்குப்பத்தில் காலடி வைத்ததில்லை.

வீட்டுக்கு வெளியே இந்த ரகசியம் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்தர்தான். அவர் கையெழுத்தைப் பார்த்து அச்சுக் கோத்த ஹபீபுர் ரஹ்மான்.

“சூடாமணி, எவனோ எனக்குக் கண்ணி வெச்சிருக்கான்” என்றார் மனைவியிடம். “அப்போ குப்பம்மா, இப்போ கெங்கம்மா. இல்லாத பொம்பளைக்கு நான் கருணை காட்டணும், மறுநாள் எல்லாப் பேப்பரிலும் ‘கற்பனைப் பெண் பேச்சைக் கேட்டுக் கொலைகாரனை விட்ட ராவ்பகதூர்’னு போடணும்.”

சூடாமணி அம்மாள் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். “ஒரு பொம்பள தன் புருஷனைக் கேட்டு மனுப் போட்டா அதுல என்னங்க கண்ணி?”

“உனக்குத் தெரியாது. இங்க பாரு. விசாரணை ரிக்கார்டுல தேசப்பன் சொல்லியிருக்கான், எனக்குக் கல்யாணமே ஆகலை, யாரும் இல்லைன்னு. பதினோரு வருஷம் கழிச்சுப் பெண்டாட்டி எங்கேர்ந்து முளைச்சா?”

நியாயமான சந்தேகம்தான். முதலியாருடைய சந்தேகங்கள் எல்லாமே நியாயமானவை, அதுதான் அவரிடம் இருந்த ஆபத்து.

அன்றே ராயப்பேட்டைக்கு வண்டியை விடச் சொன்னார். ரஹ்மான் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தார். கண் மங்கிவிட்டது. மனைவி ஜைதூன் பீ நாற்காலி கொண்டுவந்து போட்டாள். முதலியார் உட்காராமலே மனுவைப் படித்துக் காட்டினார். கடைசி வரி வந்ததும் ரஹ்மான் சிரித்துவிட்டார்.

“நம்ம வரி துரை! என் கையால கோத்தது.”

“யார்கிட்ட சொன்னே?”

ரஹ்மானின் சிரிப்பு நின்றது. “நாப்பது வருசம் சொல்லாதவன் இப்ப எதுக்குச் சொல்லப் போறேன்? அந்தக் காலத்துல ஒருத்தன் பேப்பரு வாங்குனா நூறு பேருக்குப் படிச்சுக் காட்டுவான் துரை. கேட்டவன் வாய யாரு மூடுறது?”

நல்ல பதில். ஆனால் சொல்லும்போது ரஹ்மான் சுவரைப் பார்த்தார். கண் தெரியாத மனுஷர் எங்கே பார்த்தால் என்ன என்று முதலியாருக்குத் தோன்றவில்லை. தழுதழுத்த குரல், பார்வை விலகல் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டு வெளியேறினார்.

மறுநாள் காலை நொச்சிக்குப்பத்துக்குப் போனார். மூடிய கோட்டு, தலைப்பாகை, கையில் பிரம்பு, பையில் கைரேகை எடுக்கும் மை அட்டை. மணலில் கார் வராது என்பதால் சாந்தோம் ரோட்டிலேயே விட்டுவிட்டு, கருவாட்டு வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார். வலை பிரித்துக்கொண்டிருந்த பக்கிரி என்பவன் எழுந்து நின்றான்.

“இங்கே கெங்கம்மா என்று யார்?”

பக்கிரி அவரை மேலும் கீழும் பார்த்தான். “நீங்க எங்கேர்ந்து வர்றீங்கோ?”

“சர்க்காரிலிருந்து.”

அவ்வளவுதான். பக்கத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்த கோவிந்தம்மா, வேலம்மா, கட்டுமரத்தில் சாய்ந்திருந்த மண்ணாங்கட்டி, நாலு பேர் முகமும் ஒரே சமயத்தில் மூடிக்கொண்டது.

“அப்டி யாரும் இங்க இல்ல சாமி” என்றான் பக்கிரி.

“தேசப்பன் பெண்டாட்டி?”

“அவன் ஒண்டிக்கட்ட சாமி. அவனுக்கு ஏது பொஞ்சாதி?”

“கெங்கம்மாவும் இல்ல, மங்கம்மாவும் இல்ல” என்றாள் கோவிந்தம்மா. “வேற குப்பத்துல போய்க் கேளு நைனா.”

முதலியாருக்கு வாலிபம் திரும்பியது போல் இருந்தது. ஆயுள் முழுக்க ‘ஆமாம்’ என்று சொன்ன சாட்சியைச் சந்தேகித்தே பழகியவர் அவர். ‘இல்லை’ என்று சொல்பவனைச் சந்தேகிக்க அவருக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. நாலு பேரையும் தனித்தனியாக விசாரித்து, வாக்குமூலம் எழுதி, படித்துக் காட்டி, கட்டை விரலில் மை தடவி உருட்டி எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஏழு பக்கம் நோட் எழுதினார். பழைய ரிக்கார்டில் கைதி சொன்னது, குப்பத்து நால்வர் சொன்னது, மனுவின் நடை ஒரு படிக்காத மாதுக்குப் பொருந்தாதது, எல்லாம் வரிசையாக. ஆகவே கெங்கம்மா என்று ஒருத்தி இல்லை. வெள்ளிக்கிழமை கமிட்டியில் காரியதரிசி ரகுபதி அய்யர் நோட்டைப் படித்தபோது மற்ற மெம்பர்கள் தலையை ஆட்டினார்கள். ஜெயிலுக்கு எழுதிக் கேட்டபோதும், தனக்கு யாரும் இல்லை என்றுதான் கைதி சொன்னானாம். மனு தள்ளுபடி. முதலியார் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

பத்து நாள் கழித்துச் சூடாமணி அம்மாள் மாடிக்கு வந்தாள். “உங்களைப் பார்க்க ஒருத்தி வந்திருக்கா. பேரு கெங்கம்மாவாம்” என்றாள். சொல்லிவிட்டுக் கீழே போகாமல் அங்கேயே நின்றாள்.

நாற்பது வயசு இருக்கும். வெயிலில் காய்ந்த உடம்பு, முழங்கைவரை பச்சை குத்தல், கையில் மடித்த காகிதம். படியேறி வந்தவள் தடாலென்று அவர் காலில் விழுந்தாள்.

“எசமான், நான் இல்லேன்னு எழுதிக்கீறாங்கோ. விசாரிச்சதுல அப்டி ஒருத்தி கெடயாதாம். நான் கீறேனே எசமான்! இதோ உங்க எதுர்ல கீறேனே!”

“என்னிடம் ஏன் வந்தாய்? யார் அனுப்பினார்கள்?” என்றார் முதலியார், காலை இழுத்துக்கொண்டு.

“யாரு அனுப்பணும்? நீங்கதான எங்க அம்மா கடுதாசிய பேப்பர்ல போட்ட மவராசன்.”

முதலியார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். “உன் அம்மா யார்?”

“குப்பம்மா. நொச்சிக்குப்பம் குப்பம்மா. அது கடுதாசி எழுதித்தான மீனு காய வெக்கிறத வுட்டாங்கோ. பதினோரு கடுதாசியும் வாயாலயே சொல்லும் எசமான். எனுக்கும் சொல்லிக் குடுத்துச்சு. மனுவுல ஒரு வரி அதுலேர்ந்துதான் போட்டேன். கோர்ட்டு வாசல்ல மனு எழுதற அய்யரு வாணாம்னாரு. நான்தான் போட்டே ஆவணும்னு நின்னேன்.”

“உன் அம்மாவுக்கு எழுதத் தெரியுமா?”

“எழுதத் தெரியாது. ஆனா பேப்பருல அது பேருதான கீது, அதுதான் எழுதுச்சு. குப்பமே சொல்லும்.”

முதலியார் வக்கீலாக மாறி அரை மணி நேரம் குடைந்தார். எந்தக் கேள்விக்கும் அவள் திணறவில்லை. தேசப்பன் ஏன் தனக்கு யாரும் இல்லை என்றான் என்று கேட்டபோதுதான் அவள் குரல் உடைந்தது.

“போலீசு வந்தா ஊட்ட பிரிச்சுப் போட்டு என்னியும் இட்டுக்கினு போவான்னு பயம். ‘எனுக்கு யாரும் இல்ல’ன்னு சொல்லிட்டுக் கைய நீட்டுனாரு. நான் கட்டுமரத்துக்குப் பின்னாடி குந்திக்கினு கீறேன். என்ன ஒரு தபா கூடத் திரும்பிப் பாக்கல. பாத்தா நான் கீறது தெரிஞ்சிடுமாம். இன்னிக்கும் அப்டியேதான் சொல்லிக்கினு கீறாரு.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே மேலே சொன்னாள். “மூணு வாரத்துக்கு மின்ன கோட்டுப் போட்ட ஆளு ஒருத்தன் குப்பத்துக்கு வந்து என் பேரச் சொல்லிக் கேட்டானாம். பக்கிரி மாமா, கோவிந்தம்மா அக்கா, எல்லாரும் அவன போலீசுன்னு நெனச்சு, இல்லேன்னு கை நாட்டு வெச்சு என்னக் காப்பாத்திட்டாங்கோ. அந்த ஒத்தாசய நான் சாவுறவரிக்கும் மறக்கமாட்டேன்.”

சூடாமணி அம்மாள் புருஷனைப் பார்த்தாள். முதலியார் தரையைப் பார்த்தார். எழுபத்தைந்து வருஷத்தில் அவருக்கு இவ்வளவு வெட்கம் வந்ததில்லை. அந்தக் கோட்டு உள் அறையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது என்னுடையது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“நாளைக்கு வா. நானே உன்னைக் காரியதரிசியிடம் அழைத்துப் போகிறேன்” என்று மட்டும் சொன்னார்.

அவள் போனதும் பக்கிரியைக் கூப்பிட்டு அனுப்பினார். முதலில் சொன்னது தவறு, கெங்கம்மா இருக்கிறாள் என்று ஒரு வாக்குமூலம் கொடுத்தால் போதும் என்றார். பக்கிரி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“நாட்டு வெச்சாச்சே சாமி. ஒரு தபா இல்லேன்னுட்டு இன்னொரு தபா கீதுன்னா பொய்ச் சாட்சின்னு உள்ள தூக்கிப் போட மாட்டாங்களா? எங்க நாலு பேருக்கும் புள்ள குட்டி கீது.”

போடுவார்கள். முதலியாரே போட்டிருக்கிறார், கடப்பையில் மூன்று பேரை, சேலத்தில் ஒருத்தனை.

ரகுபதி அய்யர் மரியாதை தெரிந்த மனுஷர். முதலியாரைக் கண்டதும் எழுந்து நின்று, உட்காரவைத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார். கெங்கம்மா வாசற்படி ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். முதலியார் விஷயத்தைச் சொன்னார். அய்யர் பொறுமையாகக் கேட்டுவிட்டு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இதை நான் மூணு தடவை படிச்சேன். இப்படி ஒரு நோட்டை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை. நாலு வாக்குமூலம், கைரேகையோட. கைதி வாக்கு ரெண்டு தடவை. இதையெல்லாம் தள்ளணும்னா எதை வெச்சுத் தள்றது? இவதான் கெங்கம்மான்னு யார் சொல்றா?”

“நான் சொல்கிறேன்.”

“உங்களுக்கு யார் சொன்னா? இவ சொன்னா. ‘தன்னைப் பற்றித் தானே சொல்வது சாட்சியம் ஆகாது’ன்னு நாலாம் பக்கத்துல நீங்களே எழுதியிருக்கேளே.”

எழுதியிருந்தார். எதிரிக்குத் தப்ப ஒரு சந்து கூட விடாமல் சுவர் எழுப்பியிருந்தார். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவரே நின்றார். மிச்சம் இருந்தது ஒரே வழி. நோட் எழுதிய மனசே கோணல் என்று காட்ட வேண்டும். அதற்கு அந்தப் பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். வாசற்படியில் உட்கார்ந்திருந்தவளை ஒரு தடவை பார்த்தார். அங்கே ஒருத்தன் ரத்தம் துப்பிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

“அய்யர், அந்த நோட்டை நம்பாதீர்கள். அதை எழுதும்போது எனக்குப் பயம். தொண்ணூற்று மூன்றில் ஜனதுந்துபியில் வந்த குப்பம்மா கடிதங்கள் பதினொன்றும் நான் எழுதியவை. குப்பம்மா என்று யாருமே கிடையாது. பொய்யாக ஒரு பெண்ணை எழுதி முன்னுக்கு வந்தவன் நான். அதனால் நிஜமாக ஒருத்தி எழுதியபோது அவளையும் பொய் என்று நினைத்துவிட்டேன்.”

வாசற்படியில் வளையல் சத்தம் கேட்டது. முதலியார் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அய்யர் கட்டைப் பிரித்துக் கெங்கம்மாவின் மனுவை எடுத்து முதலிலிருந்து படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். நிமிர்ந்தபோது முகத்தில் மரியாதை அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியிருந்தது. அந்தக் கண்ணை முதலியாருக்கு நன்றாகத் தெரியும். இருபது வருஷம் மேடைமேல் உட்கார்ந்து அவர் பார்த்த பார்வை அது.

“இந்த வரியும் தங்களோடதுதானே?”

“வரி என்னுடையது. மனு என்னுடையதல்ல.”

“குப்பத்துப் பொம்மனாட்டி பேர்ல கடுதாசி எழுதற பழக்கம் உண்டுன்னு தாங்களே சொல்றேள். அதே நடையில, அதே குப்பத்துலேர்ந்து ஒரு மனு வர்றது. அந்தப் பொம்மனாட்டியைத் தாங்களே கார்ல அழைச்சுண்டு வரேள்.” அய்யர் மனுவை மடித்தார். “நான் ஒண்ணும் சொல்லலை. வயசான காலத்துல யாரோ உங்களைப் பிடிச்சுண்டிருக்கலாம். இதை எழுத்துல வெச்சா உங்க பேருக்கு நல்லதில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.”

“அடுத்த வருஷம் அவன் இருக்கமாட்டான்” என்றார் முதலியார். குரல் உரக்க வந்துவிட்டது.

“அதையும் இந்த மனுவிலதான் எழுதியிருக்கு” என்றார் அய்யர், கட்டுக்கு நாடா கட்டிக்கொண்டே.

அது ஜெயில் டாக்டர் எழுதியது என்று முதலியார் சொன்னார். அய்யர் தலையை ஆட்டினார். கேட்டுக்கொண்டதற்கு அடையாளமாக ஆட்டினாரே தவிர, நம்பியதற்கு அல்ல. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இனி அங்கே உட்கார்ந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

வெளியே படிக்கட்டில் வெயில் அடித்தது. டிரைவர் கார் கதவைத் திறந்துகொண்டு நின்றான். கெங்கம்மா ஏறவில்லை. நாலு படி கீழே நின்று முதலியாரை அண்ணாந்து பார்த்தாள். நேற்றுக் காலில் விழுந்தவள் அவள்தான் என்று சொன்னால் நம்ப முடியாது.

“அந்தக் கோட்டுக்கார ஆளு நீதானா?”

“நான்தான்.”

“என்ன இல்லேன்னு எழுதினதும் நீதானா?”

“ஆமாம்.”

“எங்க அம்மாவும் இல்லேன்றே. அது எழுதுன கடுதாசிய நீ எழுதுனேன்றே.” அவள் அழவில்லை. வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். “குப்பத்துல வந்து சர்க்காருன்னே. ஊட்டாண்ட ஒண்ணு சொன்னே, இங்க ஒண்ணு சொன்னே. அந்த அய்யரு கூட நீ சொன்னத நம்பலியே. நெசத்தச் சொல்லு நைனா. நீ மெய்யாலுமே ஜட்ஜு தானா?”

முதலியார் வாயைத் திறந்தார். இருபது வருஷம் தம் முன்னால் கூண்டில் நின்றவர்கள் ‘ஆமாம் எசமான்’ என்று சொன்னபோது அவர் ஒருவரையும் நம்பியதில்லை. அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் அவருக்கு வரவில்லை, அதைச் சொல்லவும் முடியவில்லை.

கெங்கம்மா காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, கேட்டோரம் நின்ற பியூனிடம் போனாள்.

“நைனா, இங்க நெசமான ஜட்ஜு ஊடு எங்க கீது?”